பழைய பென்ஸ் கார் வாங்கலாமா?



நான் ஜொகூர் மாநிலத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் காரைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். தோட்டத்தில் வாத்தியாரிடம் மக்கள் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. அரசாங்கக் கடிதம் வந்தாலும், கடன் வாங்க வேண்டியிருந்தாலும், கல்யாணப் பத்திரிகை அச்சடிக்க வேண்டியிருந்தாலும் முதலில் வாத்தியார் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். அப்படி ஒரு நாள், மகளை அழைத்துப் போக வந்த தகப்பனார் ஒருவர் பள்ளி வாசலில் தயங்கி நின்றார். செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளி அவர்.

"சார், கூலாயில் ஒரு பென்ஸ் கார் பார்த்தேன். புது மைவி விலையில் பாதிகூட இல்லை. பெயிண்டு கண்ணாடி மாதிரி இருக்கிறது. வாங்கலாமா?" என்று கேட்டார்.

நான் உடனே பதில் சொல்லவில்லை. அவர் கேட்டது ஒரு காரைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்குத் தெரியும். நம் தாத்தாமார் காலத்தில், தோட்டத்துத் துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தில், சைக்கிளிலிருந்து இறங்கும் அந்த வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதற்கே போராடிய மக்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்தப் பிள்ளைகளில் ஒருவன் பென்ஸ் காரின் கதவைத் திறந்து தன் மனைவியை உட்கார வைக்க ஆசைப்பட்டால் அதை நான் வீண் பகட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆசை குடும்பத்தைக் கடனில் தள்ளிவிடக் கூடாது. அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

முதலில் என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அண்ணன் தோட்டத்து லாரி ஓட்டுநராக இருந்தார். தோட்ட நிலம் வீடமைப்புக்குப் போனபோது அவருக்கு இழப்பீடு கிடைத்தது. மகளின் திருமணத்துக்குச் சொந்தக் காரில் போக வேண்டும் என்று, 2016-இல் ஒரு பழைய கார் வியாபாரியிடம் 2005-ஆம் ஆண்டின் சி180 பென்ஸ் ஒன்றை ரொக்கம் கொடுத்து வாங்கினார். காலையில் வண்டியைக் கிளப்பும்போது இரண்டு மூன்று நொடிகள் ஒரு சத்தம் வரும். தகரப் பெட்டியில் ஆணிகளைப் போட்டு ஆட்டுவது போன்ற சத்தம். "ஐரோப்பிய வண்டி அப்படித்தான், சூடானால் சரியாகிவிடும்" என்றார் வியாபாரி. சூடானதும் சத்தம் நின்றது. அண்ணனும் மறந்துவிட்டார்.

திருமணம் நல்லபடியாக நடந்தது. ஏழாம் மாதம், யோங் பெங்கைத் தாண்டி ஆயர் ஈத்தாம் நோக்கி நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது இஞ்சின் ஒரு முறை இடித்துவிட்டு நின்றது. டைமிங் சங்கிலி பல் தாண்டியிருந்தது. வால்வுகள் வளைந்திருந்தன. பழுது பார்க்கக் கேட்ட தொகை, கார் வாங்கிய விலையைக் கிட்டத்தட்ட எட்டியது. அண்ணனிடம் பணம் இல்லை. வண்டி ஒரு வருடம் ரம்புத்தான் மரத்தடியில் கிடந்து, பிறகு உதிரிப் பாகத்துக்குப் போனது. இளைய மகன் கல்லூரியில் சேர்வது ஓராண்டு தள்ளிப் போனது. "தம்பி, அந்தச் சத்தத்தை யாராவது ஒருத்தர் எனக்கு விளக்கிச் சொல்லியிருந்தால் போதும்" என்று அண்ணன் இன்றும் சொல்வார்.

அதனால் நேயர்களே, அந்தச் சத்தத்திலிருந்தே தொடங்குகிறேன். அதற்கு முன், நம் பேச்சு எந்தக் காரைப் பற்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

மெர்சிடிஸ் பென்ஸ் சி வகைக் கார் என்பது அந்த நிறுவனத்தின் பெரிய செடான் கார்களுக்குக் கீழே, விலை குறைந்த படியில் உள்ளது. பழைய கார்க் கடைகளில் நாம் காண்பவை பெரும்பாலும் இரண்டு தலைமுறைகள். 2000 முதல் 2007 வரை வந்தது 203 என்ற எண்ணைக் கொண்டது. 2007 முதல் 2014 வரை வந்தது 204. நம் நாட்டில் ஓடுபவற்றில் பல, பஹாங் மாநிலம் பெக்கானில் பொருத்தப்பட்டவை. புதிதாக இருந்தபோது 204 கார் 2 லட்சம் வெள்ளிக்கு மேல் விலை போனது. இன்று அதை ஒரு சிறிய உள்நாட்டுக் காரின் விலைக்கோ அதற்கும் குறைவாகவோ வாங்கிவிடலாம்.

ஏன் இப்படி விலை இறங்குகிறது? பென்ஸ் வாங்க வசதி உள்ளவர் புதியதையே வாங்குகிறார். பழைய வண்டிக்கு வங்கிகள் எளிதில் கடன் தருவதில்லை. பழுது பார்க்க அதிகம் செலவாகும் என்பது ஊருக்கே தெரியும். வாங்க ஆள் குறைந்தால் விலை இறங்கத்தானே செய்யும்? ஆனால் ஒன்றை மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். கார் பழையதாகிறது, அதன் உதிரிப் பாகங்களின் விலை பழையதாவதில்லை. 2 லட்சம் வெள்ளிக் காருக்கான கியர் பெட்டி, கார் 20,000 வெள்ளிக்கு வந்த பிறகும் 2 லட்சம் வெள்ளிக் காரின் கியர் பெட்டிதான். யானையை மலிவாக வாங்கிவிடலாம். தீனி யானைத் தீனிதான்.

இனி அந்தச் சத்தத்துக்கு வருவோம். 2002-க்குப் பிறகு வந்த சி180, சி200 கார்களில் பெரும்பாலும் இருப்பது 1.8 லிட்டர் இஞ்சின். காரின் பின்புறத்தில் 'கொம்ப்ரெஸ்ஸர்' என்று எழுதியிருந்தால், காற்றை அழுத்தி இஞ்சினுக்கு ஊட்டும் கருவி அதில் உண்டு என்று பொருள். இஞ்சினுக்குள் பிஸ்டன்கள் மேலும் கீழும் போகின்றன. வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தவறாமல் இயங்கச் செய்வது டைமிங் சங்கிலி. சைக்கிள் சங்கிலி நாளாக ஆகத் தொய்ந்து போவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தச் சங்கிலியும் அப்படியே நீளுகிறது. அதைத் தாங்கும் பல் சக்கரங்களும் தேய்கின்றன. எண்ணெய் மாற்றாமல் ஓட்டினால் தேய்மானம் இன்னும் வேகமாக நடக்கும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில் எண்ணெய் கீழே இறங்கிவிடும். காலையில் கிளப்பியதும், எண்ணெய் அழுத்தம் ஏறும்வரை தொய்ந்த சங்கிலி ஆடிச் சத்தம் போடும். பிறகு சத்தம் அடங்கும். அடங்கிவிட்டது என்பதால் நோய் தீர்ந்ததாக எண்ணிவிடக் கூடாது. அந்த நிலையில் சங்கிலியையும் பல் சக்கரங்களையும் மாற்றினால் சில ஆயிரம் வெள்ளியோடு போகும். விட்டால் சங்கிலி பல் தாண்டும், வால்வு பிஸ்டனில் மோதும், இஞ்சினே போகும். என் அண்ணன் காரில் நடந்தது அதுதான்.

அதே இஞ்சினில் இன்னும் இரண்டு சிறு குறைகள் உண்டு. கேம்ஷாஃப்டை முன்பின் நகர்த்த உதவும் காந்தங்கள் இஞ்சினின் முன்பக்கத்தில் இருக்கின்றன. அவற்றின் வழியாக எண்ணெய் கசிந்து, மின்கம்பியின் உள்ளேயே ஊறிக்கொண்டு போகும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறி, கடைசியில் இஞ்சின் கணினிவரை போய்விடலாம். இந்தக் காந்தங்களின் விலை பெரிதல்ல, கணினியின் விலை பெரிது. அடுத்து, இஞ்சின் புகையைத் திருப்பி அனுப்பும் ரப்பர் குழாய்கள் நம் நாட்டு வெப்பத்தில் வெடிக்கின்றன. அப்போது வண்டி நிற்கும்போது இஞ்சின் நடுங்கும். இது சிறிய செலவில் தீரும்.

ஆறு சிலிண்டர் கொண்ட 2.5 லிட்டர் சி230 காரைக் குறைந்த விலைக்குக் காட்டினால் கூடுதல் கவனம் வேண்டும். இந்த வகை இஞ்சின்களில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவற்றில், அதிர்வைச் சமன் செய்யும் தண்டின் பல் சக்கரம் காலத்துக்கு முன்பே தேய்ந்து போனது. அதை மாற்ற இஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். இஞ்சின் எண்ணைக் கொண்டு அது பாதிக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்ததா என்று தெரிந்த பட்டறைக்காரர் பார்த்துச் சொல்வார். அப்படிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

இரண்டாவது பெரிய உறுப்பு கியர் பெட்டி. இந்தக் கார்களின் கியர் எண்ணெயை ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு மாற்றும்படி சொன்னார்கள். முதல் பேச்சை நம்பிய உரிமையாளர்கள் பலர் ஒரு முறைகூட மாற்றாமல் விற்றுவிட்டார்கள். 203 காரில் ஆரம்ப ஆண்டுகளில் வந்த சில ரேடியேட்டர்களில் இன்னொரு வினை இருந்தது. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே போகிறது. உள்ளே வெடிப்பு விட்டால் கூலண்ட் நீர் கியர் எண்ணெயில் கலந்துவிடும். கலந்தால் ஓடும்போது வண்டி கரடுமுரடான சாலையில் போவது போல அதிரும். நாளடைவில் கியர் பெட்டி கெடும். பழைய ரேடியேட்டரோடு இருக்கும் 203 காரை வாங்கினால், வேறு எதைச் செய்யாவிட்டாலும் ரேடியேட்டரை மாற்றிவிட வேண்டும். கியர் பெட்டியின் மின் இணைப்பில் உள்ள சிறிய ரப்பர் வளையம் கசிவதும் வழக்கமான குறை. சில வெள்ளி பெறும் அந்த வளையத்தைக் கவனிக்காவிட்டால், எண்ணெய் கம்பி வழியே ஏறி கியர் கணினியைக் கெடுத்துவிடும்.

மூன்றாவது மின்சாரம். 204 காரில் ஸ்டியரிங்கைப் பூட்டுவதற்கு ஒரு சிறு மோட்டார் இருக்கிறது. அது தேய்ந்து சிக்கிக்கொண்டால் சாவியைப் போட்டாலும் ஒன்றும் நடக்காது. வண்டி கல்லாய் நிற்கும். இழுவை லாரிதான் வழி. பல வண்டிகளில் இது முன்கூட்டியே அடையாளம் காட்டும். சாவி போட்டதும் ஸ்டியரிங் தயங்கித் தயங்கித் திறக்கும். அந்த நேரத்திலேயே பட்டறைக்குப் போனால் செலவு குறைவு. முற்றும் பூட்டிக்கொண்ட பிறகு போனால் செலவு கூடும்.

203 காரின் மின்சாரக் குறைக்கு நம் தோட்டத்து மரங்களே காரணமாகிவிடும். முன் கண்ணாடிக்குக் கீழே மழைநீர் வடிய ஓட்டைகள் இருக்கின்றன. மரத்தடியில் நிறுத்திய வண்டியில் சருகுகள் விழுந்து அவற்றை அடைத்துக்கொள்ளும். நவம்பர், டிசம்பர் மழையில் தண்ணீர் வடியாமல் மின்பெட்டிக்குள்ளும் காருக்குள்ளும் போய்விடும். பிறகு விளக்கு தானாக எரியும், கண்ணாடி இறங்காது, காரணமில்லாமல் பேட்டரி இறங்கும். வாரம் ஒரு முறை சருகைக் கையால் அள்ளிப் போட்டால் இந்த வினை வராது. வீட்டுப் பிள்ளைகளே செய்யக்கூடிய வேலை இது.

நான்காவது அடித்தளம். சக்கரத்தைத் தாங்கும் கைகளில் ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. நெடுஞ்சாலையில் அவை நெடுங்காலம் உழைக்கும். செம்மண் சாலையிலும், தோட்டத்து மேடு பள்ளங்களிலும், லயத்து வாசலின் வேகத்தடைகளிலும் விரைவில் கிழியும். பள்ளத்தில் இறங்கும்போது டொக் என்று சத்தம் கேட்டால் அதுதான். உயிருக்கு உடனே ஆபத்தில்லாவிட்டாலும், நீண்ட நாள் விட்டால் டயர்களை ஒரு பக்கமாகத் தின்றுவிடும்.

நேயர்களே, இவ்வளவு சொல்லிவிட்டேன் என்பதால் இவை மோசமான கார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். உடலும் பிரேக்கும் உறுதியானவை. முறையாகப் பராமரித்த வண்டி நெடுந்தூரம் உழைக்கும். என்னோடு பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் 2006-ஆம் ஆண்டு சி180 காரைப் பத்தாண்டுகளாக ஓட்டுகிறார். அவர் வண்டிக்கும் என் அண்ணன் வண்டிக்கும் இஞ்சின் ஒன்றுதான். அவர் வாங்கியபோது முதல் உரிமையாளரின் சர்வீஸ் புத்தகமும் ரசீதுகளும் முழுவதுமாக இருந்தன. வாங்கிய மாதமே சங்கிலியையும் ரேடியேட்டரையும் மாற்றிவிட்டார். அதற்கான பணத்தை வாங்குவதற்கு முன்பே ஒதுக்கி வைத்திருந்தார். ஒரே வகைக் கார் இருவரிடம் இருவிதமாக நடந்துகொண்டதற்கு வேறு காரணம் இல்லை. இந்தக் கார்களின் நம்பகம் முன்னால் நிற்கும் நட்சத்திரத்தில் இல்லை. பழைய உரிமையாளரின் ரசீதுகளிலும் புதிய உரிமையாளரின் சேமிப்பிலும் இருக்கிறது.

சரி, பார்க்கப் போகும்போது என்ன செய்ய வேண்டும்?

காலையில் போங்கள். முன்னறிவிப்பு கொடுத்தாலும், வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் இஞ்சின் மூடியின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், சத்தத்தை மறைக்க முன்பே கிளப்பி வைத்திருக்கலாம். அடுத்த நாள் வருகிறேன் என்று திரும்பி வந்துவிடுங்கள்.

சாவியை ஒரு படி திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிய வேண்டும். இஞ்சின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். இஞ்சின் விளக்கு எரியவே இல்லை என்றால், அதை யாரோ செயலிழக்கச் செய்திருக்கலாம். கிளப்பிய முதல் ஐந்து நொடிகள் வானொலியை அணைத்து, பேச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேளுங்கள்.

பிறகு அரை மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். கியர் மாறும்போது இடிக்கிறதா, சீரான வேகத்தில் போகும்போது அதிர்கிறதா, வெப்பமுள் நடுவில் நிற்கிறதா, குளிர்சாதனம் கடைசிவரை குளிர்கிறதா என்று பாருங்கள். குளிர்சாதனத்தின் கூலிங் காயில் முன்பலகைக்குள் புதைந்திருக்கிறது. அது கசிந்தால், பாகத்தின் விலையைவிடப் பலகையைக் கழற்றி மாட்டும் கூலிதான் அதிகம்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 80,000 கிலோமீட்டர் என்று மீட்டர் காட்டும். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் தோல் பளபளக்கும். இரண்டில் ஒன்று பொய். இருக்கை வார்களை முழுவதும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தாலோ, மாற்று டயர் வைக்கும் குழியில் வண்டல் இருந்தாலோ, அது வெள்ளத்தில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியும் சிகாமட்டும் எப்படி மூழ்கின என்பதை நாம் மறக்கவில்லை. 2023 மார்ச்சிலும் ஜொகூரில் பெரு வெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்த பிறகு வண்டிகள் கழுவி விற்பனைக்கு வருகின்றன.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத, இந்த வகைக் கார்களைப் பழுது பார்க்கும் பட்டறைக்குக் கொண்டு போய், மேலே ஏற்றிப் பார்த்துக் கணினிச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலியே நீங்கள் செலவழிக்கும் மிக லாபகரமான பணம். பெயர் மாற்றத்துக்குப் புஸ்பாகோம் போன்ற நிலையங்களில் சோதனை செய்கிறார்களே, அது போதாதா என்று கேட்கலாம். அங்கே அடித்தள எண்ணையும், பிரேக்கையும், விளக்கையும், வண்டி சாலையில் ஓடத் தகுதியுள்ளதா என்பதையும் பார்க்கிறார்கள். சங்கிலி தொய்ந்திருக்கிறதா என்று இஞ்சினைத் திறந்து பார்ப்பது அவர்கள் வேலை அல்ல.

பத்திர விஷயத்திலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஒன்று 'சம்போங் பாயார்'. ஒருவர் வங்கிக் கடனில் வாங்கிய காரை, "மீதித் தவணையை நீ கட்டு, காரை நீ ஓட்டு" என்று கையில் கொடுத்துவிடுவார். பெயர் அவருடையது, கடனும் அவருடையது, பணம் மட்டும் உங்களுடையது. நாளைக்கு அவர் மனம் மாறினாலும், வங்கி வண்டியை இழுத்துப் போனாலும், விபத்து நடந்து காப்புறுதிச் சிக்கல் எழுந்தாலும், நீங்கள் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இருக்காது. இன்னொன்று, சிங்கப்பூரில் பதிவு நீக்கப்பட்டுக் கள்ளத்தனமாக இங்கே வரும் கார். விலை கேட்டால் நம்ப முடியாது. சாலைப் போக்குவரத்து இலாகாவில் உங்கள் பெயருக்கு அதை மாற்றவே முடியாது. பிடிபட்டால் வண்டியும் போகும், வழக்கும் வரும். பெயர் மாறாத வண்டி உங்கள் வண்டி அல்ல.

தவணையில் வாங்கினால் 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் உங்களுக்குப் பாதுகாப்புத் தருகிறது. தொடர்ந்து இரண்டு தவணை தவறினால்தான் வண்டியை மீட்கும் நடவடிக்கை தொடங்கலாம். அதற்கும் எழுத்து மூலம் முன்னறிவிப்பு தர வேண்டும். மொத்தத்தில் 75 விழுக்காடு கட்டிவிட்டீர்கள் என்றால், நீதிமன்ற ஆணை இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. வியாபாரி பழுதை மறைத்து விற்றிருந்தால், பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரிக்கை வைக்கலாம். வழக்கறிஞர் தேவையில்லை. சிறு கட்டணம்தான். ஆனால் ரசீதும், விளம்பரமும், வியாபாரி அனுப்பிய செய்திகளும் கையில் இருக்க வேண்டும். வாய்ப்பேச்சை மன்றத்தில் காட்ட முடியாது.

இப்போது பணக் கணக்கு. 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சங்கிலி வேலை ஒன்றுக்கே அதைவிடக் கூடுதலாகப் போகலாம். சாலை வரியையும் பாருங்கள். 1.3 லிட்டர் மைவிக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. 1.8 லிட்டர் பென்ஸுக்கு ஏறக்குறைய 280 வெள்ளி. 2.5 லிட்டர் சி230 காருக்கு ஏறக்குறைய 876 வெள்ளி. கார் எவ்வளவு பழையதானாலும் இந்த வரி இஞ்சின் அளவைப் பொறுத்தே இருக்கிறது.

2024 மே மாதம் முதல் சேமநிதியில் நெகிழ்வுக் கணக்கு வந்திருக்கிறது. அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம். கார் வியாபாரிகளுக்கும் இது தெரியும். "சேமநிதியில் எடுத்து முன்பணம் கட்டிவிடுங்கள்" என்பார்கள். எடுக்கலாம் என்பதற்காக எடுத்துவிட வேண்டும் என்றில்லை. அது உங்கள் முதுமைக் காலத்துச் சோறு.

என் குடும்பத்தில் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறோம். கையில் இருப்பது மூன்று பங்கு என்றால் இரண்டு பங்குக்குத்தான் கார் பார்ப்போம். மூன்றாவது பங்கு பழுதுக்கென்று தனிக் கணக்கில் இருக்கும். அந்த மூன்றாவது பங்கு இல்லாதவர் பழைய பென்ஸ் வாங்க வேண்டாம். அவருக்குச் சாகாவோ மைவியோதான் நல்ல கார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1985-இல் புரோட்டோன் சாகா வந்த பிறகுதானே நம் குடும்பங்கள் பல முதல் காரைக் கண்டன?

ஏற்கனவே வாங்கிவிட்டவர்களுக்கும் சில வார்த்தைகள். ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உரிய கூலண்ட் ஊற்றுங்கள். இஞ்சின் எண்ணெய் டப்பாவில் 229.5 என்ற பென்ஸ் ஒப்புதல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் வெப்பத்துக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை எண்ணெயை மாற்றிவிடுங்கள். வெப்பமுள் ஏறினால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். இஞ்சினின் தலைப்பகுதி அலுமினியம். அது வளைந்தால் பத்து நிமிடப் பயணம் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். ஒவ்வொரு ரசீதையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்தக் கோப்புதான் விலை பேசும்.

பள்ளி வாசலில் என்னிடம் கேட்ட அந்தத் தகப்பனாரோடு நானும் கூலாய் போனேன். முதல் நாள் இஞ்சின் மூடி சுட்டது. திரும்பி வந்துவிட்டோம். மறுநாள் விடிந்ததும் போய் நின்றோம். சாவியைத் திருப்பினார்கள். தகரப் பெட்டியில் ஆணிகள் ஆடின. மூன்று நொடிகள்தான். அவர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "வேண்டாங்க" என்று வியாபாரியிடம் அவரே சொன்னார்.

அவர் ஆசையை விட்டுவிடவில்லை. ரசீதுகள் உள்ள ஒரு வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். மாதாமாதம் அந்த மூன்றாவது பங்கைச் சேர்த்து வருகிறார். அது சேர்ந்த பிறகு அவர் பென்ஸில் வந்து இறங்கினால், பள்ளி வாசலில் நின்று முதலில் கை தட்டுபவன் நானாகத்தான் இருப்பேன்.